பூட்டிக் கிடக்கும் பூங்காவைத் திறந்தால் தெரு ஒன்றுசேருமா?

உங்கள் கேள்வி இது: மனைப்பிரிவு போட்டபோது ஒதுக்கிய 40 சென்ட் பூங்கா இடம் உங்கள் நகரில் எட்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நலச்சங்கத்தில் பாதிப் பேர் திறக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், திறந்தால் குடிகாரர்கள் உட்காருவார்கள், வெளித்தெருப் பசங்க வந்து கலாட்டா செய்வார்கள், பூட்டியே இருக்கட்டும் என்கிறார்கள். பூங்காவும் விளையாட்டுத் திடலும் மக்களை ஒன்றுசேர்க்கும் என்கிறார்களே, அது உண்மையா, வெறும் மேடைப்பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. பதினைந்து வருடமாக ஒரே தெருவில் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தமிழ்நாட்டின் ஆறு நகராட்சிகளில் 27 வருடம் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. குடிநீர், சாலை, வடிகால் எல்லாம் முடிந்து கடைசியாகக் கையில் எடுக்கும் கோப்பு பூங்காக் கோப்பு. இளைய பொறியாளர் தலையில்தான் அது விழும். அப்படித்தான் என்னிடம் வந்தது, பிறகு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களைப் போடும்போதோ சீர்செய்யும்போதோ கூட இருந்திருக்கிறேன். அவற்றில் எட்டோ ஒன்பதோதான் இன்றைக்கும் ஆள் நடமாடும் இடமாக இருக்கின்றன. மற்றவை புதர் மண்டிவிட்டன. எது பிழைத்தது, எது பாழானது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பூங்கா அக்கம்பக்கத்தைச் சேர்த்துவைக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே என்ன கட்டினோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறது, யார் யார் உள்ளே வர முடிகிறது, உள்ளே பொறுப்பாக ஒரு ஆள் இருக்கிறாரா, வாரம் தவறாமல் அங்கே ஏதாவது நடக்கிறதா, இந்த நான்கில்தான் எல்லாம் இருக்கிறது.

டெல்டா மாவட்டத்து ஊர் ஒன்றில் இரண்டு இடங்களை ஒரே காலத்தில் பார்த்தேன். ஒன்று நாங்களே போட்ட பூங்கா. பேவர் பிளாக் நடைபாதை, எட்டு போட்டு நடக்கத் தனிப் பாதை, வண்ண விளக்கோடு நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம்தான் திறப்பு. வாசலில் செய்யக்கூடாதவை என்று பதினான்கு வரி எழுதிய பலகை. நான்காம் மாதம் நீரூற்று மோட்டார் எரிந்துபோனது. மாற்றுவதற்கு நிதித் தலைப்பு இல்லை. இரண்டாவது இடத்துக்குப் பூங்கா என்ற பெயரே கிடையாது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சுற்றி 30 சென்ட் மண்தரை, இரண்டு வேப்பமரம், ஒரு பொதுக்குழாய், ஒரு விளக்கு. பம்ப் ஆபரேட்டர் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் ஏற்ற எழுந்திருப்பவர் கேட்டையும் திறந்துவிடுவார், இரவு பத்துக்குத்தான் சாத்துவார். காலையில் குடத்தோடு பெண்கள். பத்து மணிக்கு மேல் மரத்தடியில் வயதானவர்கள், பக்கத்துத் தறிக்கூடத்து ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. நாலரைக்குப் பிள்ளைகள். இருட்டினதும் விளக்கடியில் யாரோ கொண்டுவந்து போட்ட கேரம் பலகை. ஒரு கூட்டம் கிளம்புவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். அந்தக் கலப்பில்தான் ஒருவர் முகம் இன்னொருவருக்குப் பழகியது.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. அன்றைக்கும் அடுத்த பல நாட்களுக்கும் நாங்கள் தூங்கவில்லை. தொட்டித் தெருவுக்கு நாங்கள் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள். அதற்குள் அங்கே தெருவை அடைத்துக் கிடந்த மரங்களை வெட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். கேரம் ஆடும் பசங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்த வீட்டில் கைக்குழந்தை எல்லாம் அதில் இருந்தது. யாரும் அதைத் தயாரிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்ததை எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பூங்கா இருந்த பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டால் தெரியாது என்பார்கள். இதை வைத்துக்கொண்டு, திடல் இருந்ததால்தான் அப்படி நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தொட்டித் தெருக்காரர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், கைமாற்றும் உதவியும் இல்லாமல் அவர்களுக்கு ஒரு வாரம் ஓடாது, திடல் இல்லாவிட்டாலும் ஓரளவு ஒட்டுறவு இருந்திருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் வேப்பமரத்தடியில் எழுதப்பட்டது. நாலு தெருப் பசங்களும் தினமும் கூடும் வேறு இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

நட்பு இல்லாவிட்டாலும் முகப் பரிச்சயமே பெரிய பலம் என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. பக்கத்திலிருப்பவர்களை நம்புவது, தெருவில் ஒரு பிள்ளை தப்பு செய்தால் நமக்கென்ன என்று போகாமல் ஒரு வார்த்தை கேட்பது, இந்த இரண்டும் எங்கே அதிகமோ அங்கே வன்முறை குறைவு என்று கண்டார்கள். வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. பெயர் தெரியாத பிள்ளையை யாரும் அதட்ட மாட்டார்கள், அதட்டினால் சண்டைதான் வரும். தினமும் திடலில் பார்க்கிற பிள்ளை என்றால் "டேய், உங்க அப்பாகிட்ட சொல்லவா" என்ற ஒரு சொல் போதும்.

இனி உங்கள் சங்கத்தின் முதல் பயம், குடிகாரர்கள். இதில் ஓரளவு உறுதியாகவே பேச முடியும். ஃபிலடெல்ஃபியா நகரில் கேட்பாரற்றுக் கிடந்த 541 காலிமனைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2018-இல் வந்தன. மருந்தைச் சோதிப்பதுபோல மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வான ஒரு மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். இன்னொன்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். பசுமையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களில், மனச்சோர்வாக உணர்கிறேன் என்று சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்தார்கள். வறிய பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. நான் அதில் கவனித்தது அந்த வேலியைத்தான். ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பவில்லை. இந்த இடத்துக்குப் பொறுப்பாக யாரோ இருக்கிறார்கள், ஆனால் நீ உள்ளே வரலாம் என்று சொல்லும் உயரத்தில், நடுநடுவே திறப்பு விட்டுப் போட்டார்கள்.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை, காலிமனையும் அந்த மாதிரி இல்லை, ஆகவே அந்த எண்ணிக்கையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கக் கூடாது. ஆனால் அதன் காரணத்தை எங்கள் ஊர்களிலும் கண்ணால் பார்த்தேன். குடிப்பதற்கு இடம் தேடுகிறவர் இருட்டையும் மறைவையும்தான் தேடுகிறார். உங்கள் பூட்டிய இடத்துக்குள் காலி பாட்டில் இல்லையா, போய்ப் பாருங்கள். ஏழடிச் சுவர் என்றால் கண்டிப்பாக இருக்கும். ஒரு நகராட்சியில் பூங்காவின் முன்பக்கச் சுவரை இடுப்பளவுக்குக் குறைத்து மேலே கம்பி வலை போடச் சொன்னபோது எல்லோரும் எதிர்த்தார்கள். செய்த பிறகு, தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே தெரிந்தது. உள்ளே பாட்டிலோடு உட்கார்ந்தவர்கள் ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் குடியை விடவில்லை, இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். பூங்காவால் அதற்கு மேல் ஆகாது. சென்னை அண்ணா நகரில் 1968-ஆம் வருட உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய விஸ்வேஸ்வரய்யா கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக மேலே ஏறுவதை நிறுத்தி வைத்தார்கள், பன்னிரண்டு வருடம் அப்படியே போனது. 2023-இல் சுற்றிக் கம்பித் தடுப்புப் போட்டுத் திறந்தார்கள். அந்தத் தடுப்பை முதலிலேயே போட்டிருக்கலாம். அதற்குள் அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உச்சியிலிருந்து தங்கள் ஊரைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது பயம் வெளித்தெருப் பசங்க. இதைச் சுற்றிவளைக்காமல் பேசுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பல பூங்காக்கள் தோற்றதைப் பார்த்தேன். வெளித்தெரு என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் குறிப்பது ஒரு குறிப்பிட்ட தெருவை, அங்கே குடியிருக்கிறவர்களின் சாதியை அல்லது வசதியை. பழைய ஊரில் கூடுமிடம் என்று நாம் ஆசையாகப் பேசுகிற மந்தை, ஆலமரத்து மேடை, கோயில் மண்டபம் எதுவும் எல்லோருக்கும் திறந்ததாக இருக்கவில்லை. 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் பொது இடங்களிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அரசாணை போட வைக்க வேண்டியிருந்தது. நகராட்சிப் பூங்காவின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. அந்த பெஞ்சு யாருடைய முப்பாட்டனுக்கும் சொந்தமில்லை. அங்கே உட்கார யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நலச்சங்கம் அடையாள அட்டை போட்டு நுழைவைக் கட்டுப்படுத்திய ஒரு பூங்காவில் நான் பணியில் இருந்தபோது தலையிட வேண்டி வந்தது. சட்டப்படி அது செல்லாது, நகராட்சி இடம் என்று சொல்லி அட்டையை நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் இரண்டு தெருப் பிள்ளைகளும் தனித்தனி மூலையில் நின்றார்கள். அப்புறம் இறகுப்பந்து ஆட இந்தப் பக்கம் ஆள் குறைந்தது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கலந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இன்றைக்கும் வேறு வேறு பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காருகிறார்கள், அதற்கு முன்பு அதுவும் இல்லை.

யார் வருகிறார்கள் என்று எண்ணும்போது யார் வரவில்லை என்றும் எண்ண வேண்டும். வியன்னா நகரில் தொண்ணூறுகளின் நடுவில் பூங்காவுக்கு வரும் பிள்ளைகளை எண்ணினார்கள். ஒன்பது வயது வரை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள், அதற்கு மேல் பெண் பிள்ளைகளைக் காணோம். பையன்கள் குறைந்தபாடில்லை. ஒரே பெரிய திடலாக இருந்தால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், இடம் கேட்டு மல்லுக்கட்டப் பெண் பிள்ளைகள் விரும்புவதில்லை என்று புரிந்தது. 1999-இல் ஐன்சீட்லர் பூங்கா உட்பட இரண்டு இடங்களைத் திருத்தி அமைத்தார்கள். பெரிய திடலைச் செடிவரிசையால் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் தனி இடம் ஒதுக்கினார்கள், வெளிச்சத்தையும் நடைபாதையையும் கூட்டினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் வயதுக்கு வந்ததும் திடலுக்கு அனுப்புவதை நிறுத்தும் வழக்கம் இருக்கிறது, அதை வடிவமைப்பு மட்டும் மாற்றாது. ஆனால் கழிப்பறை மாற்றும். தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை திறந்திருந்தால் பெண்கள் அரைமணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறார்கள். பல பூங்காக்களில் கழிப்பறை உண்டு, சாவி யாரிடம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் வராமல் போவதற்கும் இதுவே காரணம், அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இடத்தைத் திறப்பது பாதி வேலைதான். வாரா வாரம் நடக்கும் ஏதோ ஒன்று வேண்டும், அது செலவில்லாததாகவே இருக்கலாம். மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் கச்சேரி செய்வார்கள். மைக் கிடையாது. பூங்காவைப் பராமரிக்கும் சுந்தரம் ஃபைனான்ஸ் அதை நடத்துகிறது. மைக் இல்லாததால் கேட்க வேண்டியவர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் நின்று கேட்கிறார்கள். கர்நாடக இசை மயிலாப்பூருக்குப் பொருந்தும். உங்கள் நகருக்கு எது பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சிலம்பமோ, கோலமோ, பத்தாம் வகுப்புக் கணக்கோ, எதுவாக இருந்தாலும் நாளும் நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். ஒருமுறை ஆடம்பரமாக ஆண்டுவிழா நடத்துவதைவிட ஐம்பது வாரம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒருவர் தவறாமல் வந்து நிற்பது மேல்.

வடசென்னையைப் பாருங்கள். ஒரு கேரம் பலகை, நாலு ஸ்டூல், ஒரு விளக்கு, இதுதான் அங்கே தெருவுக்குத் தெரு இருந்த மன்றங்களின் சொத்து. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அதே வடசென்னை. கண்ணகி நகரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்வேன். நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடம் அது. ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்தவர்கள் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இருந்த கார்த்திகாவை இன்று எல்லோரும் கண்ணகி நகர் கார்த்திகா என்றே சொல்கிறார்கள். மறைத்து வைத்த ஊர்ப் பெயரைத் தலைப்பில் போட்டுக்கொள்ளும்படி செய்தது, மாலை தவறாமல் நடந்த கபடிப் பயிற்சி. பதக்கம் வாங்குகிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான். மற்ற பிள்ளைகளுக்கு மாலை ஐந்தரைக்குப் போய்ச்சேர ஒரு இடமும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு மாஸ்டரும் கிடைத்தார்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் நடக்க வருகிறார்கள், வசதியுள்ளவர்கள்தான் பூங்கா பக்கத்தில் வீடு வாங்குகிறார்கள் என்பதைப் பிரித்தெடுப்பது கடினம், ஆகவே அதை வைத்து வாதாடாதீர்கள். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்தவர்கள் 1998-இல் 42 சதவீதம், 2016-இல் 5 சதவீதம். விளையாட்டுக்கும் கலைக்கும் அரசு பணம் கொடுத்தது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றக் கட்டுப்பாடு, பெற்றோர் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் வந்தன. எதனால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பூங்கா வந்தால் மனை விலை ஏறும் என்று உங்கள் சங்கத்தில் யாராவது ஆசை காட்டுவார்கள். ஏறலாம். ஏறினால் வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் வெளியேறுவார்கள், அதை ஒற்றுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளைச் சீர்செய்தபோது கரையோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் வரை கொண்டுபோய் வைத்தார்கள். கரை பசுமையானது, ஆனால் அங்கே இருந்த அக்கம்பக்கம் சிதறியது. என் அனுபவமெல்லாம் நடுத்தர நகராட்சிகள்தான் என்பதையும் மனதில் வையுங்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் தனியார் பூங்காவுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று நினைக்கவில்லை.

திறக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, சங்கத்தில் எதிர்ப்பவர்களுக்கும் இது உறைக்கும். பூட்டிய இடம் கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி இருக்கிறது, அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். தந்த நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்திருக்க வேண்டும். பத்திரம் பதிவாகாமலே பத்து வருடம் கழித்து அந்த இடம் மனையாக விற்கப்பட்டதை இரண்டு ஊர்களில் பார்த்தேன். புழங்குகிறவர்கள் இருந்தால்தான் கேட்க ஆள் இருக்கும். அரசே எடுத்துக்கொள்வதும் உண்டு. சென்னையில் 1859-ஐ ஒட்டி ஆளுநர் டிரெவெல்யன் தொடங்கிய மக்கள் பூங்கா 116 ஏக்கர். விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து, இன்றைக்கு அந்தப் பூங்காவின் மிச்சத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல காரணத்துக்காகவே எடுக்கப்பட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. அங்கே குடியிருப்பவர்களுக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. உங்கள் சங்கச் செயலாளர் கையில் அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று இருப்பது நல்லது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் நகரமைப்புப் பிரிவில் அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் தானப் பத்திர நகலையும் கேட்டு வாங்குங்கள். பத்திரம் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பதிவு செய்ய வைக்கும் வேலையைப் பாருங்கள். இருக்கிறது என்றால், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் வார்டு கவுன்சிலர் முன்னால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாக எழுத வையுங்கள். நகர்ப்புறத்தில் இந்தச் சபைகளுக்கான விதிகள் 2022-இல் வந்துவிட்டன. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். உங்கள் நகரில் நூறு வீடு இருந்தால் அது எட்டாத தொகை இல்லை. அந்தப் பணத்தில் நீரூற்று கேட்காதீர்கள், சிலை கேட்காதீர்கள். கம்பி வேலி, இரண்டு விளக்கு, ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், நிழல் தரும் பத்து மரக்கன்று, முதுகுசாயும் பெஞ்சு ஆறு, அவற்றில் குறைந்தது நாலு பெஞ்சு ஒன்றையொன்று பார்த்தபடி. பாதிக்கு மேல் மண்தரையாகவே விடுங்கள், பிள்ளைகள் விழுந்து எழவும் மழைத்தண்ணீர் இறங்கவும் வேண்டும். மதியம் பூட்டும் பழக்கத்தை ஏற்காதீர்கள். வீட்டு வேலை முடித்த பெண்களும் கட்டட வேலை ஆட்களும் உட்காரும் நேரம் அதுதான்.

அப்புறம் வாட்ச்மேன். ஒப்பந்ததாரர் மாதத்துக்கு ஒருவரை மாற்றி அனுப்பினால் ஏற்காதீர்கள். நீங்கள் பயப்படுகிற அந்த வெளித்தெருவிலிருந்தே, பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த, நடுவயதுள்ள ஒருவரை, பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, தேடிப் பிடியுங்கள். சம்பளத்தில் நகராட்சி கொடுப்பது போகக் குறைவதைச் சங்கம் போடட்டும். செய்யக்கூடாதவை பலகைக்குப் பதில் அவர் பெயரையும், திறக்கும் நேரத்தையும், கழிப்பறைச் சாவி அவரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி மாட்டுங்கள். தொட்டித் தெரு ஆபரேட்டர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு மூன்று மாதம் ஆள் போடவில்லை. பசங்களே முறைவைத்துக் கேட்டைத் திறந்து சாத்தினார்கள், பூட்டு எங்கள் அலுவலகத்துடையது, சாவி அவர்கள் வெட்டிக்கொண்டது. ஆய்வுக்குப் போன நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. சாவியில் இன்னொன்று வெட்டி, பக்கத்து இட்லிக் கடை அம்மாவிடம் கொடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.